பர்த் சர்ட்டிபிகேட்டில் ஒரு மாமா

ரெண்டு பாஷை தெரிஞ்சவளுக்குக் கிடைக்கிற கூலி, ரெண்டு பாஷையிலயும் திட்டு.

எங்க வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்தாரு. பீகார்ல குவார்ட்டர்ஸ்ல வருஷக்கணக்கா குடும்பம் நடத்தி, காய்கறிக்காரங்ககிட்ட சண்டை போட்டே இந்தி கத்துக்கிட்டேன். இப்ப கொம்யூன் ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கொம்யூன்னா தமிழ்நாட்டுக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா பஞ்சாயத்து ஆபீஸ். வில்லியனூர் கொம்யூனா, பாகூர் கொம்யூனான்னு மட்டும் கேக்காதீங்க. நாளைக்கும் நான் அங்கதான் கடை தொறக்கணும். வடக்கத்தி ஆளுங்க யாராவது ஆபீசுக்குள்ள போனா, அஞ்சு நிமிஷத்துல ப்யூன் வெளியே வந்து "ஜெராக்ஸ் அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போ"ன்னு கை காட்டுவாரு. நானும் கடையை அப்படியே வுட்டுட்டு ஓடுவேன். கவுண்டர் கம்பிக்கு வெளிய நின்னு கால் கடுத்தவங்க எல்லாரும் எனக்கு ஒறவுதான், அதனால உங்ககிட்ட சொல்றேன்.

சத்தமா சொன்னா புரியும்

பிறப்பு இறப்பு செக்‌ஷன்ல இருக்கறவரு பேரு தனவேலு சார்னு வச்சிக்கங்க. கெட்டவரு இல்ல. ஆனா உலகத்துல இருக்கற பாஷை எல்லாம் தமிழ்தான், சில பேருக்குக் கொஞ்சம் சத்தமா சொல்லணும், அவ்ளோதான்னு நம்பற மனுஷன்.

ஒரு நாள் ஒரு ஒடிசாக்காரர் பொண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்து நின்னாரு. சார் "டோக்கன் எடுத்துக்கினு உக்காரு"ன்னாரு. அவருக்குப் புரியல, சிரிச்சாரு. சார் எழுந்து நின்னு இன்னும் சத்தமா சொன்னாரு. அவரு சிரிப்பை நிறுத்திட்டு கையைக் கட்டிக்கிட்டாரு. மூணாவது தடவை சார் மேசையைத் தட்டிக் கத்தினதுல, அந்த மனுஷன் ஏதோ பெரிய குத்தம் பண்ணிட்டோம்னு கும்பிடு போட்டுட்டுத் தெருவுக்கே போயிட்டாரு. நான் ஓடிப்போய் கையைப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்தேன். சாருக்கு என்மேல கோவம்.

"எவ்ளோ தெளிவா தமிழ்ல சொல்றேன், அப்பவும் புரியலன்னா அவனுக்குக் காது கேக்கலம்மா. மொதல்ல காது டாக்டராண்ட இட்டுக்கினு போ."

மாமான்னு ஒருத்தர்

இப்படிப்பட்ட ஆபீசுல சிக்கினவதான் பிங்கி. பீகார்ப் பொண்ணு. புருஷன் மனோஜ், சேதராப்பட்டு கம்பெனில வேலை. எங்க தெருக்கோடில லைன் வீட்டுல குடியிருக்காங்க. பக்கத்து ரூம்ல அவ மாமா தினேஷ், அவங்க அம்மாவோட தம்பி. பிங்கிக்குச் சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு, வளத்தது, படிக்க வச்சது, கல்யாணம் பண்ணிக் குடுத்தது எல்லாம் இந்த தினேஷ்தான். மாப்பிள்ளைக்கு இங்க வேலை வாங்கிக் குடுத்ததும் அவருதான்.

குழந்தை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சி, சான்றிதழை லேமினேட் பண்ண எங்கிட்ட கொண்டு வந்தா. மெஷின்ல சொருகறதுக்கு முன்னாடி சும்மா படிச்சேன். தாய், பிங்கி தேவி. தந்தை, தினேஷ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. "ஏம்மா, உன் வீட்டுக்காரர் பேரு மனோஜ்தான?"ன்னேன். அவளும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிச்சா. அப்படியே கடை வாசப்படியில உக்காந்துட்டா.

நடந்தது இவ்ளோதான். வலி எடுத்தப்ப மனோஜ் ஷிப்ட்ல இருந்தான், செல்லை கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிடுவாங்க. ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது தினேஷ். அங்க நர்ஸ், "கூட வந்திருக்கறது யாரு?"ன்னு கேட்டிருக்கா. கை ஜாடையில புரிஞ்சிக்கிட்டு பிங்கி, "மாமா"ன்னு சொல்லியிருக்கா. நர்ஸ் அவரு பேரைக் கேட்டுத் தந்தைன்னு எழுதிட்டா, முடிஞ்சது கதை. இந்தியில மாமான்னா அம்மா கூடப் பொறந்தவரு, வேற அர்த்தமே கிடையாது. அவங்க ஊர்ல மாமாவைப் புருஷன்னு எழுதறது, நம்ம ஊர்ல கூடப் பொறந்த அண்ணனைப் புருஷன்னு எழுதற மாதிரி. கேட்டாலே காதைப் பொத்திக்குவாங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த நர்சைக் கேட்டேன். பாவம், அவளுக்கு ஒண்ணுமே புரியல.

"எம் புருஷன நானும் மாமான்னுதான்க்கா கூப்புடறேன். அவளும் மாமான்னா. அப்புறம் நான் இன்னான்னு எழுதறது?"

கட்டிக்கினா இன்னா?

சத் பூஜைக்கு, பீகார்ல அதுதான் பெரிய பண்டிகை, அவங்க ஊருக்குப் போகணும். மாமனார் பேரனை இன்னும் பாக்கல. போனதும் ரேஷன் கார்டுல குழந்தை பேரைச் சேக்கணும்னு சான்றிதழை ஊர்த் தலைவர்கிட்ட குடுக்கணும். அந்தக் காகிதத்தை அங்க விரிச்சா, குழந்தை யாருதுன்னு ஊரே கேக்கும். பிங்கி அதுக்குத்தான் பயந்தா. லைன் வீட்டுல எவனோ படிச்சிட்டு மனோஜைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சிட்டான். மனோஜ் மொதல்ல சிரிச்சான், அப்புறம் சிரிக்கறதை நிறுத்திட்டான். தினேஷ் நெலமைதான் ரொம்ப மோசம். பிங்கி வீட்டு வாசலை மிதிக்கிறதில்ல, குழந்தையைத் தூக்கறதில்ல. எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போயிடுவாரு. ஒரு பேரைத் தப்பா எழுதினதுக்கு ஒரு குடும்பம் இப்படி நொறுங்கணுமா?

நாலு பேரையும், அதாவது குழந்தையோட சேத்து, தனவேலு சார் முன்னாடி கொண்டு போய் நிறுத்தினேன். ஒண்ணு விடாம சொன்னேன். சார் மூக்குக் கண்ணாடியை எறக்கி தினேஷை மேலயும் கீழயும் பாத்தாரு. "தாய்மாமன்தான? மொற இருக்கில்ல?"ன்னாரு. "சார், அவங்க ஊர்ல மொற இல்ல சார், அது பாவம்"னேன். சார் மூஞ்சி சுருங்கிப் போச்சி, அவரை ஏதோ திட்டிட்ட மாதிரி. பக்கத்துல பிங்கி "என்ன சொல்றாரு தீதி, என்ன சொல்றாரு"ன்னு என் புடவையை இழுக்கறா, தீதின்னா அக்கா. அவரு அடுத்துச் சொன்னதை நான் அப்படியே இந்தியில சொல்லியிருந்தா, தினேஷ் அங்கயே உயிரை வுட்டிருப்பாரு. "சார் யோசிக்கறாரு"ன்னு மட்டும் சொன்னேன்.

"இதுல இன்னாம்மா கேவலம்? நானே எங்க அக்கா பொண்ணத்தான் கட்டியிருக்கேன். இப்ப இன்னா கொறஞ்சி பூட்டேன்?"

குமாரியும் முக்காடும்

அப்புறம் ஆதாரம் கேட்டாரு. பிங்கி ஆதார் கார்டை நீட்டினா. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, பிங்கி குமாரின்னு இருந்துச்சி. அவங்க ஊர்ல பொண்ணுங்களுக்குக் கல்யாணம் வரைக்கும் குமாரி, கல்யாணத்துக்கு அப்புறம் தேவி. ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச விஷயம், எங்க கொம்யூன் ஆபீசைத் தவிர. சார் கார்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. குமாரின்னா மிஸ், அதாவது கல்யாணம் ஆவாத பொண்ணு. "கல்யாணமே ஆவாத பொண்ணுக்குப் புருஷன் பேரு தப்பா பூடுச்சின்னு வந்து நிக்கறீங்களே"ன்னு எங்களையே கேட்டாரு.

மனோஜுக்குப் பொறுமை போயிடுச்சி. செல்லைத் தட்டி, கல்யாண வீடியோவைப் போட்டு, சார் மூக்குக்கு நேரா நீட்டினான். சார் அதை முழுசா பாத்தாரு. பேண்டு வாத்தியம், குதிரை, சொந்தக்காரங்க ஆடற டான்ஸ், பூரி பரிமாறறது எல்லாத்தையும் ரசிச்சிப் பாத்தாரு. நடுவுல பக்கத்து சீட்டு மேடத்தையும் கூப்பிட்டுக் காட்டினாரு. வெளிய க்யூ வாசலைத் தாண்டி நிக்குது. மாப்பிள்ளை மனோஜ்தான்னு ஒத்துக்கிட்டாரு. மாலை மாத்தற எடம் வந்ததும் நிறுத்தி, செல்லைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனாரு. பொண்ணு கழுத்து வரைக்கும் சிவப்பு முக்காடு.

"மாப்ள சரி. இந்த முக்காட்டுக்குள்ள யாரு கீறான்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

மேரி எங்க?

நான் அரியாங்குப்பத்துல ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த நாள்ல பிங்கி குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தனியா ஆபீசுக்குப் போயிருக்கா. எங்க ஊர்ப் பழைய ஆளுங்களுக்கு முனிசிபாலிட்டின்னு சொல்ல வராது, மேரின்னுதான் சொல்லுவாங்க. பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன வார்த்தை. தனவேலு சாரும் அப்படித்தான். டவுன்ல இருக்கற பெரிய ஆபீசுல கேக்கணும்ங்கறதுக்கு "மேரி, மேரி"ன்னு பத்து தடவை சொல்லி, கிழக்கால கையைக் காட்டியிருக்காரு. கிழக்கால ரோட்டுல மொதல்ல வர்றது ஆஸ்பத்திரி. தப்பா எழுதின நர்சு பேருதான் மேரி போலிருக்கு, அவளைப் பாத்தா சரியாயிடும்னு இவ நெனச்சிக்கிட்டா.

ஆஸ்பத்திரியில மேரின்னு நெஜமாவே ஒரு சிஸ்டர் இருந்தாங்க. இவ அவங்க கையைப் புடிச்சிக்கிட்டு இந்தியில அழ, அவங்க தமிழ்ல சமாதானம் சொல்ல, வார்டே வேடிக்கை பாத்திருக்கு. நான் வர்ற வரைக்கும் அந்த சிஸ்டர் பிங்கியைக் கூட்டிக்கிட்டு வந்து என் கடையில காத்திருந்தாங்க. இந்தக் கதையிலயே தன் வேலையை ஒழுங்கா பாத்தவங்க அவங்க ஒருத்தங்கதான்.

"சர்ட்டிபிகேட்டு எனக்குத் தெரியாதுக்கா. கொழந்தைக்கு ஒரு தடுப்பூசி பாக்கி இருந்துச்சி, அத்தப் போட்டு இட்டுக்கினு வந்துட்டேன்."

ஃபார்மட் இல்ல

தனவேலு சாருக்கு அடுத்தது என்ன வேணும்னு தெரியுமா? தினேஷ் நோட்டரிகிட்ட போயி, "நான் இந்தப் பொண்ணுக்குப் புருஷன் இல்ல"ன்னு எழுதி வாங்கிட்டு வரணும். தான் பெத்த பொண்ணு மாதிரி வளத்தவரு, அவளுக்குப் புருஷன் இல்லன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல சத்தியம் பண்ணணும். அதை இந்தியில ஒரு வழியா சொன்னேன். அவரு சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாரு.

கோர்ட்டுக்குப் பக்கத்துல பெரிய குடை விரிச்சி உக்காந்திருந்த நோட்டரி, கேட்டு முடிக்கறதுக்குள்ள டைப் அடிச்சே குடுத்துட்டாரு. வாங்கிப் படிச்சேன். "மேற்படி தினேஷும் மேற்படி பிங்கியும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ்வதென"ன்னு போகுது. நான் போட்ட கத்தல்ல பக்கத்து டீக்கடையில இருந்து ஆளுங்க எட்டிப் பாத்தாங்க. கல்யாணமே ஆகாதவங்களுக்கு விவாகரத்தா! அந்த மனுஷன் கொஞ்சம்கூட அசரல. பேப்பரைத் திருப்பி வாங்கி, மேல கீழ ரெண்டு எடத்துல பேனாவால அடிச்சாரு.

"புருஷன் இல்லன்னு எழுத ஃபார்மட்டே கெடையாது மேடம். பிரியறதுக்குத்தான் இருக்கு. வேணும்னா மனம் ஒத்துங்கறத எடுத்துடறேன்."

கவர்மெண்டுக்கும் கவர்மெண்டுக்கும் நடுவுல

எனக்கு வெறி புடிச்சிடுச்சி. நானே அடிச்சித் திருத்தி எழுதி, வேற நோட்டரிகிட்ட சீல் வாங்கி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு டவுனுக்குப் போனேன். அங்க பெரிய ஆபீசர் ஒரு மேடம், வடக்குல இருந்து வந்தவங்க. நாங்க இந்தியில ஆரம்பிச்சதும் அவங்களுக்கு உடனே புரிஞ்சி போச்சி. மாமாவைப் புருஷன்னு எழுதின எடத்துக்கு வந்ததும், "ஐயோ பகவானே"ன்னு நெத்தியில கை வச்சாங்க. அப்பாடா, ஒரு மனுஷி கிடைச்சாங்கன்னு பிங்கி அழ ஆரம்பிச்சிட்டா.

சந்தோஷம் எவ்ளோ நேரம்? மேடம் தனவேலு சாரை வரச் சொன்னாங்க. மேடத்துக்குத் தமிழ் வராது, சாருக்கு இந்தி வராது, ரெண்டு பேருக்கும் வர்ற இங்கிலீஷ் ஒருத்தருக்கு ஒருத்தர் புரியாது. மேடம் படபடன்னு பேசறாங்க, சார் "எஸ் மேடம், எஸ் மேடம்"ங்கறாரு. கடைசியில ரெண்டு பேருமே என் பக்கம் திரும்பினாங்க. அரசாங்கம் அரசாங்கத்துக்குச் சொல்றதை ஜெராக்ஸ் கடைக்காரி மொழிபெயர்க்கணும். மேடம் திட்டின ஒவ்வொண்ணையும் நான் ஆற அமர, அழுத்தம் திருத்தமா, கூட ரெண்டு என் கணக்குல சேத்துத் தமிழ்ல சொன்னேன். எனக்குக் கிடைச்ச கூலி அதுதான். சார் வேர்வையைத் தொடச்சிக்கிட்டு என் காதுக்கிட்ட குனிஞ்சாரு.

"திட்டனது போதும்மா. மாத்திக் குடுன்னாங்களா, வாணாம்னாங்களா? அத்த மட்டும் சொல்லு."

ரிமார்க்ஸ்

மாத்திக் குடுன்னுதான் சொன்னாங்க. மறுநாளே போனோம். மனோஜ், பிங்கி, குழந்தை, நான். தினேஷ் வாசல் கேட்டுலயே நின்னுட்டாரு, உள்ள வரல. சார் கம்ப்யூட்டர்ல தந்தை பேருக்கு நேரா மனோஜ்னு அடிச்சாரு. நான் மூச்சு வுட்டேன். அப்புறமும் கை நிக்கல, கீழ எதையோ அடிக்கப் போனாரு. "இன்னும் என்ன சார்?"னேன். பழசை அழிக்கக் கூடாதாம். தந்தை பேரு தினேஷ்னு இருந்ததை மனோஜ்னு மாத்தினோம்னு ரிமார்க்ஸ்ல கட்டாயம் போடணுமாம். அதுவும் சான்றிதழ்லயே, குழந்தை சாகற வரைக்கும். தப்பா இருந்ததாவது ஒரு அப்பன் பேரு. இப்ப ஒரு அப்பனை எடுத்துட்டு இன்னொரு அப்பனைப் போட்டோம்னு பட்டம் கட்டி அனுப்பறாங்க. கெஞ்சினேன். "சட்டம்மா, நான் இன்னா பண்றது"ன்னாரு. ஒத்தை விரலால இங்கிலீஷ்ல ஒரு எழுத்து அடிச்சாரு, நிறுத்தினாரு, என்னைப் பாத்தாரு. "மாற்றப்பட்டதுன்னா இங்கிலீஷ்ல இன்னாம்மா?"

ஒரு ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அது தெரியாதா? தினமும் நூறு பேருக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறவ நான். ஆனா இங்கிலீஷ்னா அவங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பசங்க கூடப் படிச்சிடுவாங்க. "எனக்கு இந்திதான் சார் தெரியும்"னேன். அவரு அலுத்துக்கிட்டு, "தமிழ்லயே போட்டு வுடறேன், எவன் படிக்கப் போறான்"னு அடிச்சி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் சீலும் வச்சிக் குடுத்துட்டாரு.

பிங்கி மனோஜ் பேரைத் தடவித் தடவிப் பாத்தா. அப்புறம் அடியில இருந்த தமிழ் வரியில விரலை வச்சி, "தீதி, இது என்ன?"ன்னு கேட்டா. நான் அவளைப் பாத்தேன், வாசல் தூணோட தூணா நிக்கற தினேஷைப் பாத்தேன். இத்தனை அலைக்கழிச்சிட்டு, ஒருத்தன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலியேன்னு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சி. "தப்பு எங்களோடது, மன்னிச்சிடுங்கன்னு எழுதியிருக்கும்மா"ன்னேன். "சர்க்கார் மன்னிப்பு கேக்குமா?"ன்னு அவ கண்ணை அகல விரிச்சா. காகிதத்தையும் குழந்தையையும் தூக்கிக்கிட்டு கேட்டுக்கு ஓடினா. அங்க மாமாகிட்ட என்னமோ சொன்னா. அந்த மனுஷன் குழந்தையைக் கையில வாங்கி நெஞ்சோட அணைச்சிக்கிட்டாரு. அப்படியே குழந்தையோட உள்ள வந்து, கவுண்டர் கம்பிக்குள்ள கையை வுட்டு, தனவேலு சார் கையைப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாரு. "பரவாயில்ல சாப், பரவாயில்ல"ன்னு இந்தியில திரும்பத் திரும்பச் சொன்னாரு.

சார் பதறிப் போயிட்டாரு. "இன்னாம்மா ஆச்சி இவனுக்கு? எதுக்கு அழுவுறான்?" நீங்க மன்னிப்பு கேட்டீங்கன்னு சொன்னேன் சார், உங்களை மன்னிச்சிட்டாராம்னேன். சார் என்னைப் பாத்தாரு, அந்தக் கையைப் பாத்தாரு. வெடுக்குன்னு இழுத்துக்குவாருன்னு நெனச்சேன், இழுக்கல.

"நான் எப்பம்மா கேட்டேன்?"

இத்தனை வருஷத்துல அந்த ஆபீஸ் சொன்னதைத்தான் இந்தியில சொல்லியிருக்கேன், அது சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னது இந்த ஒரு தடவைதான்.